‘அறியப்படாத கலைஞர்’ என்று எழுதியது யார்?

அந்தமானில் இசைப் பதிவுகளை ஆராயும் ஒருவர், பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டுக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று நண்பர்கள் சிலர் கேட்டிருந்தனர். அவர்களுக்குத் தனித்தனியே விடை எழுதுவதைக் காட்டிலும் என் கருத்தைப் பொதுவில் வைப்பதே முறை. சற்றே நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்க.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.3 போன்ற ஓர் ஒலிக்கோப்பில் ஒலி மட்டும் இல்லை. பாட்டின் பெயர், பாடியவர், இயற்றியவர், தொகுப்பு, ஆண்டு, மொழி முதலிய விவரங்களும் சிறு சிறு புலங்களாக அதனுள்ளேயே பொதிந்திருக்கின்றன. இவற்றை மீத்தரவு என்கிறோம்; பேச்சு வழக்கில் டேக். பாட்டு ஓடும்போது கைபேசித் திரையில் தெரியும் பெயர்கள் இங்கிருந்துதான் வருகின்றன. புலம் காலியாக இருந்தால் செயலி தானாகவே ‘அறியப்படாத கலைஞர்’ என்று காட்டிவிடும். இந்தச் சொற்றொடரின்மீதுதான் என் வழக்கு. யாரால் அறியப்படாதவர்? பாடியவரை அவர் வீட்டார் அறிவர், ஊரார் அறிவர், பதிவு செய்தவரும் எதிரே அமர்ந்திருந்தார். எழுத வேண்டியவர் எழுதாமல் விட்ட ஒன்றை, பாடியவரின் குறைபோலக் காட்டுகிறது அச்சொல்.

இது எங்கும் உள்ள சிக்கல்தான். ஆனால் தீவுகளில் இதன் எடை வேறு. சென்னையிலிருந்து இத்தீவுகளுக்கு ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்றுதான் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பே கதி. ஆகவே பாட்டு இணையத்தின் வழியே வரவில்லை. அபர்தீன் பஜார் போன்ற இடங்களின் கைபேசிக் கடைகளில் மெமரி கார்டில் ஏற்றப்பட்டு, கப்பலேறிக் காமோர்ட்டாவுக்கும் கச்சாலுக்கும் போயிற்று. அப்படிப் போன கோப்புக்கு விளக்கம் சொல்ல இணையப் பக்கம் இல்லை, அட்டைப்படம் இல்லை, இசைத்தட்டின் பின்னுறை இல்லை. கோப்புக்குள் எழுதப்பட்டது மட்டுமே பாட்டைப் பற்றிய மொத்த அறிவு. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட கச்சால், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையால் மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்ட தீவுகளுள் ஒன்று. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பழைய ஒலிநாடாவின் பிரதி எங்கோ ஒரு மெமரி கார்டில் பிழைத்திருந்தால், அதனுள் இருக்கும் முப்பது நாற்பது எழுத்துகளே அதன் வரலாறு.

அந்த எழுத்துகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் மனம் கசக்கிறது. மெமரி கார்டுகளில் கிடைக்கும் தமிழ்த் திரைப்பாடல்களில் கலைஞர் புலத்தில் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்தின் முகவரி. இயற்றியவர் புலத்திலும் அதே முகவரி. தொகுப்பின் பெயரோடும் அதுவே ஒட்டியிருக்கிறது. பாட்டெழுதிய கவிஞரின் பெயர் அநேகமாக எங்குமே இல்லை. இதை ஒருவர் உட்கார்ந்து ஆயிரம் தடவை தட்டியிருக்க மாட்டார். ஒரு கோப்புறையைக் காட்டி, ‘இதிலுள்ள ஒவ்வொரு கோப்பிலும் இப்புலத்தை அழித்து இதை எழுது’ என்று கட்டளை வரியில் ஒரே வரி கொடுத்திருப்பார். நான் இரவில் செய்யும் வேலையும் அதே வரிதான். கருவி ஒன்றே, என்ன எழுதுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

தமிழருக்கு இது புதிய கவலை அன்று. பரிபாடல் 70 பாடல்களில் நமக்குக் கிடைத்தவை 22. அவற்றில் பெரும்பாலானவற்றின் இறுதியில் பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணின் பெயர் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. ஏட்டுச் சுவடியில் வந்த இந்தக் குறிப்பை 1918இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்தபோது பாட்டோடு சேர்த்தே பதிப்பித்தார். கவிஞரையும் இசையமைப்பாளரையும் தனித்தனிப் புலத்தில் எழுதும் முறை நம்மிடம் அப்போதே இருந்திருக்கிறது. இன்றைய திரைப்பாடல் கோப்பில் அது இல்லை! சம்பந்தர் இன்னும் ஒரு படி மேலே போனார். பதிகத்தின் கடைசிப் பாட்டிலேயே தம் பெயரை வைத்தார். அப்பாட்டுக்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். தியாகராசரும் முத்துசாமி தீட்சிதரும் முத்திரை வைத்ததும் இதே எச்சரிக்கைதான். ஏடு பிரிந்து போகலாம், குறிப்பு உதிரலாம், பாட்டுக்குள் கிடக்கும் பெயர் பாட்டோடு போகும்.

ஒலிப்பதிவு நம் நாட்டுக்கு வந்த தொடக்கத்திலும் இப்படியே நடந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கைஸ்பெர்க் பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாகப் போவது ஜெர்மனியின் ஹனோவரில். அங்குள்ள தொழிலாளிக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. கோப்புக்குள் பெயர் எழுதுவதன் பழைய வடிவம் அது. களப்பணிக்குச் செல்லும் இளைய ஆய்வாளர்களுக்கு இன்றும் நான் சொல்வது: பதிவுக் கருவியை இயக்கியதும் நாள், இடம், பாடுபவர் பெயர் ஆகியவற்றை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கட்டளையாலும் அழியாத டேக் அது ஒன்றுதான்.

இனி அந்தமானின் மூத்த குடிகளிடம் வருகிறேன். 1906 முதல் 1908 வரை இங்கே களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன், 1922இல் வெளியான தம் நூலில் கிரேட் அந்தமானியரின் பாட்டைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். ஒவ்வோர் ஆணும் தன் பாட்டைத் தானே இயற்றுகிறான். நடனத்தின்போது பிறர் இயற்றிய பாட்டை ஒருவன் பாடுவதில்லை. வழிவழி வந்த பாட்டு என்று ஒன்றும் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்தக் காப்பகத்தின் பட்டியலை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். பழங்குடிப் பாட்டு என்றால் இயற்றியவர் புலத்தில் கண்ணை மூடிக்கொண்டு ‘மரபு வழி’ என்று நிரப்புவதே நடைமுறை. கிரேட் அந்தமானியர் பாட்டைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. கலைஞர், இயற்றியவர், பாடலாசிரியர் என்று ஐ.டி.3 முறை மூன்று புலங்களைத் தருகிறது. அம்மக்களின் பழைய நடனப் பாட்டுக்கு மூன்றிலும் ஒரே பெயர் வர வேண்டும். தன் பாட்டைத் தானே இயற்றுவதே முறை என்று வாழ்ந்தவரை, இயற்றியவரற்ற பாட்டைப் பாடியவராக மாற்றிவிடுகிறோம்.

போவா மூத்தவர் என்ற அம்மையாரைப் பலர் அறிந்திருப்பீர்கள். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளர்; 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தார். அவர் பெயரோடு வரும் ‘மூத்தவர்’ என்ற குறிப்பைக் கவனியுங்கள். ஒரே பெயர் பலருக்கு வழங்கும் சமூகத்தில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிக்க ஆய்வாளர்கள் சேர்த்த அடையாளம் அது. டேக்கைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று புறப்படும் நிரல் ஒன்று அந்த ஒட்டைத் தேவையற்றது என எண்ணி வெட்டினால், இரண்டு மனிதர்கள் ஒருவராகிப் போவார்கள்.

தொழில்நுட்பம் இதில் நடுநிலையானது என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 1996இல் எழுந்த முதல் ஐ.டி.3 முறை, எம்.பி.3 கோப்பின் வாலில் 128 பைட் இடம் ஒதுக்கியது. அதில் தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, பாட்டின் வகைக்கு 1. ஆங்கிலத்துக்கு 30 பைட் என்றால் 30 எழுத்து. தமிழின் ஒவ்வொரு குறியும் இன்று பரவலாக வழங்கும் ஒருங்குறி வடிவில் 3 பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனிக் கணக்கு. எம்.எஸ். சுப்புலட்சுமி என்று அந்த இடத்தில் எழுதிப் பாருங்கள். ‘எம்.எஸ். சுப’ என்பதோடு 30 முடிந்துவிடும். வகைப் பட்டியலோ இன்னும் வேடிக்கை. தொடக்கத்தில் 80 வகைகள். அவற்றுள் ராப் உண்டு, போல்கா உண்டு, கிறித்தவ ராப்கூட உண்டு. கருநாடக இசை இல்லை, நாட்டார் பாடல் இல்லை. கார் நிக்கோபாரின் தேவாலயச் சேர்ந்திசைக்கு அதில் எந்த எண்ணைக் கொடுப்பது? ‘பழங்குடி’ என்று பொருள்படும் 72ஆம் எண்ணைக் கொடுத்த பட்டியல்களைக் கண்டிருக்கிறேன். சிரிப்பதா சினப்பதா தெரியவில்லை.

பின்னர் 1998 முதல் வந்த இரண்டாம் முறை கோப்பின் தலைப்பகுதிக்கு இடம் மாறி, நீளத் தடையை நீக்கியது. ஆயினும் மொழிப் புலத்தில் பன்னாட்டுத் தரமான 639-2 பட்டியலின் மூவெழுத்துக் குறியைத்தான் இட வேண்டும் என்றது. தமிழுக்கு அதில் குறி உண்டு. நிக்கோபாரிய மொழிகளுக்குத் தனிக்குறி இல்லை. ‘மோன்-க்மேர் மொழிகள்’ என்ற கூட்டுப் பையில் போட வேண்டும். 2007இல் வந்த 639-3 பட்டியல் கார் நிக்கோபாரியத்துக்கும் அகா-போவுக்கும் தனித்தனிக் குறி தந்தது, ஐ.டி.3 முறை அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆய்வாளர்கள் விரும்பும் வேவ் வடிவிலும் நிலைமை இதுவே. ஒலிபரப்பு வேவ் எனப்படும் அதன் விரிவில் விளக்கத்துக்கு 256 எழுத்தும், கோப்பை உருவாக்கியவர் அல்லது நிறுவனத்துக்கு 32 எழுத்தும் இடம் உண்டு. அதுவும் ஆங்கில எழுத்தில். பாடியவருக்கென ஒரு புலம்கூட அதில் கிடையாது. பதிவு செய்தவர் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் விளக்கத்தின் மூலையில் கிடந்தால் உண்டு. காலனிக்கால அருங்காட்சியகச் சீட்டின் நேர் வாரிசு இது என்று நான் சொன்னால் மிகையென்பீர்கள், சொல்லத்தான் செய்வேன்.

இந்தக் காரணத்தால் தமிழிலும் தீவு மொழிகளிலும் பணிபுரிவோர் மூலப் பிரதியை ஃபிளாக் வடிவில் வைப்பதே நல்லது என்பது என் துணிபு. அதன் குறிப்புகள் ஒருங்குறியில் அமைந்தவை. புலத்தின் பெயரையும் நாமே வைக்கலாம். பண் என்றொரு புலம், எந்தச் சடங்குக்குரியது என்றொரு புலம், ‘யாரிடம் கேட்டு எழுதியது’ என்றொரு புலம். மெட்டாஃபிளாக் என்ற சிறு கட்டளை நிரல் இவற்றை எழுதவும் படிக்கவும் போதும். வேறொரு நன்மையும் உண்டு. ஃபிளாக் கோப்பு தன் ஒலியின் சரிபார்ப்பு எண்ணைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. டேக்கை நூறு முறை திருத்தினாலும் அந்த எண் மாறாது. ஒலியில் ஒரு துளி மாறினாலும் மாறிவிடும். ‘பெயரை மட்டும் திருத்தினோம், பாட்டைத் தொடவில்லை’ என்று பாடியவரின் பேரனிடம் சான்றோடு சொல்ல முடிகிறது.

சன்னலும் பொத்தானும் கொண்ட அழகான செயலிகள் இருக்கக் கட்டளை வரி எதற்கு என்பது அடுத்த கேள்வி. பத்துப் பாட்டுக்குச் செயலியே போதும். நானூறு பதிவுகளுக்குப் போதாது. ஆனால் வேகம் எனக்கு இரண்டாம் காரணமே. செயலியில் கைதவறி ஓர் எழுத்தை மாற்றினால் சுவடு இருக்காது. கட்டளை வரியில் வேலை செய்யும்போது நான் கோப்புகளை நேரடியாகத் தொடுவதே இல்லை. கோப்பின் பெயர், பாடியவர், ஊர், நாள், தகவல் தந்தவர் என்று ஓர் அட்டவணையைத் தமிழில் எழுதுகிறேன். சிறு நிரல் ஒன்று அதை வரிவரியாகப் படித்து உரிய கோப்பில் எழுதுகிறது. முதலில் ‘என்ன செய்யப் போகிறாய்’ என்று சொல்லவைத்துப் பார்த்த பிறகே செய்ய விடுகிறேன். அட்டவணையும் நிரலும் எஞ்சி நிற்கின்றன. பத்தாண்டு கழித்து ஒரு பெயர் தவறென்று ஊரார் சொன்னால், அது எங்கே நுழைந்தது என்று காட்டலாம். ஒரு வரியைத் திருத்தி மீண்டும் ஓட்டினால் எல்லாப் பிரதிகளும் திருந்தும். உரைவேறுபாடு குறித்துப் பதிப்பிப்பவர்களுக்கு இந்த ஒழுக்கம் புதிதன்று.

தமிழில் எழுதும்போது வரும் இடர்களையும் மறைக்கக் கூடாது. பழைய கோப்புகளில் டிஸ்கி, டாப், பாமினி முறைகளில் எழுதிய பெயர்கள் இன்று புரியாத இலத்தீன் குறிகளாகத் தெரிகின்றன. குப்பை என்று அழித்துவிடாதீர்கள், எழுத்து மாற்றிக் கட்டளைகளைக் கொண்டு பெரும்பாலும் மீட்டுவிடலாம். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றே; கணினிக்கு வேறு. இதனால் ஒரே பாடகர் பட்டியலில் இருவராக வருவார். ஒருமுறை இயல்பாக்கி எழுதினால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதினாலும் தொல்லை குறைவதில்லை: இளையராஜா என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு கோப்புறையைத் திறந்து எண்ணிப் பாருங்கள். தமிழில் அவர் ஒருவரே.

இணையத் தரவுத்தளங்கள் ஒலியைக் கேட்டே பெயரை நிரப்பிவிடுமே என்பார்கள். வெளியான திரைப்பாடலுக்கு அது ஓரளவு சரி. நங்கவுரியில் ஒரு வீட்டு முற்றத்தில் பதிவான பாட்டை எந்தத் தளம் அறியும்? அறியாததை ‘அறியப்படாதவர்’ என்று மறுபடி நம்மிடமே தரும்.

நான் மதிக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு. எல்லாப் பெயரையும் கோப்புக்குள் எழுதுவது நல்லதா? இல்லை என்பதே என் விடையும். இறந்தவர் பெயரைத் துக்கக் காலத்தில் உச்சரிக்காத வழக்கத்தையும் அதே ராட்கிளிஃப்-பிரவுன் குறித்திருக்கிறார். கைபேசியில் எடுத்த பதிவுகளில் சில வேளை இடக்குறிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். 1956ஆம் ஆண்டின் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை அனுமதியின்றி ஒதுக்கப் பகுதிகளில் நுழைவதைத் தடை செய்திருக்க, கோப்பு ஒன்று அங்கே வழிகாட்டிக்கொண்டு திரிவது முறையன்று. ஆகவே வெளியே தரும் பிரதியை எக்ஸிஃப்டூல் போன்ற நிரலால் முழுக்கப் படித்துப் பார்த்துத் தேவையற்றதை நீக்க வேண்டும். ஆனால் நீக்கியதை நீக்கியதாகச் சொல்ல வேண்டும். ‘பெயர் வேண்டாம் என்றார்’, ‘குடும்பத்தார் நிறுத்திவைத்துள்ளனர்’, ‘பதிவு செய்தவர் கேட்கவில்லை’ என்ற மூன்றும் வெவ்வேறு செய்திகள். மூன்றையும் ஒரே வெற்றிடமாக்குவதைத்தான் எதிர்க்கிறேன். மூன்றாவதை எழுத நம் துறையினருக்குக் கூச்சம் இருக்கும்; இருக்கட்டும்.

சட்டமும் இப்புலங்களை அற்பமாகக் கருதவில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், படைப்பின் தலைப்பு, படைத்தவர், நிகழ்த்தியவர் பெயர் முதலியவற்றை உரிமை மேலாண்மைத் தகவல் என்கிறது. அவற்றை உரிமையின்றித் தெரிந்தே அழிப்பதும் மாற்றுவதும் 65பி பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். நிகழ்த்துநரின் பெயருரிமையையும் அதே திருத்தம் 38பி பிரிவில் ஏற்றது. கச்சாலில் பாடும் பெண்மணி இப்பிரிவை நீட்டி நீதிமன்றம் ஏறுவார் என்று நான் நம்பவில்லை. பல்கலைக்கழகம் அதை அறிந்திருக்க வேண்டும்.

ஓர் ஆய்வுக் காப்பகத்திலிருந்து, பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, தீவுப் பதிவுகளின் பிரதிகள் சில எனக்குக் கிடைத்தன. எல்லாக் கோப்பிலும் கலைஞர் புலத்தில் பதிவு செய்த ஆய்வாளரின் பெயர். பாடியோர் பெயர்கள் தனியே ஒரு தட்டச்சுத் தாளில் இருப்பதாகவும், அத்தாள் வேறு அறையில் இருப்பதாகவும் சொன்னார்கள். அத்தாள் எனக்கு இன்னும் காட்டப்படவில்லை. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. பெயர் எழுதுவது எடுபிடி வேலை, ஆய்வு அன்று என்ற எண்ணமே காரணம். நம் துறைகளில் ஆய்வேட்டின் மேற்கோள் முறையில் ஒரு காற்புள்ளி பிசகினால் திருப்பி அனுப்புகிறார்கள். இணைப்பாகத் தரும் குறுந்தட்டில் எல்லாக் கோப்பும் ‘தடம் 01’ என்றிருந்தால் எவரும் கேட்பதில்லை.

என் வேண்டுகோள் இரண்டு. இசை, மொழி, நாட்டார் வழக்காற்றுத் துறைகள், களப்பதிவு கொண்ட ஆய்வேட்டை ஏற்கும்போது மீத்தரவு அட்டவணையையும் அதை எழுதிய நிரலையும் ஏட்டின் பகுதியாகவே கேட்டு வாங்க வேண்டும். அடுத்து, பாடியவர்களுக்கு ஒரு பிரதி போக வேண்டும், அதில் அவர்கள் பெயர் அவர்கள் வீட்டுக் கருவியில் தெரிய வேண்டும். பழைய கருவிகள் பல ஐ.டி.3 முறையின் 2.3ஆம் பதிப்பை மட்டுமே படிக்கும், 2.4இல் எழுதிக் கொடுத்துவிட்டுத் ‘தமிழ் வரவில்லை’ என்று கைவிரிக்காதீர்கள். காப்பகத்துக்கு ஃபிளாக், ஊருக்கு 2.3 பதிப்பில் எம்.பி.3. இரண்டும் ஒரே அட்டவணையிலிருந்து பிறக்கட்டும். என் நிரல்களுக்குத் தமிழில் விளக்கம் எழுதி முடித்திருக்கிறேன். கப்பலில் செல்பவர் எவரேனும் பென் டிரைவோடு வந்தால் அதுவே எளிது, மற்றவர்கள் பின்னூட்டத்தில் கேளுங்கள்.